பேராமைகளுக்கு உண்டாகும் மூச்சு நோயும் அதன் குறிகளும்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பருவமழை பெய்து ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கத் தொடங்கும் நாட்களில், கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக் குடியானவர் ஒருவர் விடியற்காலையில் தம் தொழுவத்துக்குள் நுழைந்தால், எந்தப் பிராணிக்குச் சளி பிடித்திருக்கிறது என்பதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் அறிந்துகொள்வார். ஆடு இருமும்; மாடு செருமும்; கோழி தொண்டையில் கறகறவென்று சப்தமிடும். ஆமை அவ்வாறு செய்வதில்லை. அதற்கு இரும இயலாது. சுவாசப்பையில் சளி நிறைந்து உயிர் போகும் தறுவாயிலும் அது வாளாவிருக்கும். ஆகையால் ஆமை வளர்ப்போர் நோயைக் காதால் அறியலாம் என்று இராமல், கண்ணால் தேடி அறியும் பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டியதாயிருக்கிறது.

அயல்நாட்டு நில ஆமைகளைத் தோட்ட வீடுகளிலும் தோப்புகளிலும் வளர்க்கும் வழக்கம் நம் நாட்டில் சில காலமாகப் பரவி வருகிறது. அவற்றுள் பேராமை எனத் தக்கவை இரண்டு. ஒன்று, இந்துமகா சமுத்திரத்தில் செஷல்ஸ் தீவுகளைச் சேர்ந்த அல்டாப்ரா என்னும் பவளத்தீவில் தோன்றிய ஆமை. இதன் ஆண் 250 கிலோ எடை வரையில் வளரும். மற்றொன்று, ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தின் தென் ஓரத்து வறண்ட நிலங்களுக்கு உரிய சல்கேட்டா என்னும் ஆமை. இது 50 கிலோவும் அதற்கு மேலும் நிறை பெறும். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் நெடுங்காலம் இருந்து, 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இறந்த அத்வைதா என்னும் கிழ ஆமை முதலாவது இனத்தைச் சேர்ந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-ல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணையிலும் இவ்வினத்து ஆமைகளைப் பலர் கண்டிருப்பர்.

விற்பனைக்கு வரும்போது இவை உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகளாயிருக்கின்றன. வாங்குபவர் பத்து ஆண்டுகளுக்குப் பின் வரப்போவதை எண்ணிப் பார்ப்பதில்லை. நாளடைவில் ஆமை வீட்டுக்குள் அடங்காமற்போய், மாட்டுக்கொட்டகையின் மூலையிலோ, பம்புசெட்டு அறையின் ஓரத்திலோ கட்டாந்தரையில் விடப்படுகிறது. வெயில் காலத்தில் அதற்கு யாதொரு குறையும் நேர்வதில்லை. அடைமழையிலும் பனியிலுந்தான் கேடு தொடங்குகிறது. திருவண்ணாமலைச் சீமையில் மார்கழி, தை மாதத்து இரவுகளில் உஷ்ணம் 20 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே இறங்குவதுண்டு. மனிதருக்கு இது இனிய குளிராயிருக்கலாம். தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வல்லமையற்ற ஆமைக்கோ, ஈரமும் குளிரும் சேர்ந்து பல நாள் நீடித்தால், உடம்பின் நோய் தாங்கும் சக்தி முற்றிலும் தளர்ந்துபோகும். வறட்டுக் குளிரை ஒருவாறு தாங்கும். ஈரக் குளிரைத் தாங்காது.

நோயின் குறிகளை அறியுமுன், ஆமை மூச்சுவிடும் வகையைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம். ஆடுமாடுகளுக்கு மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை ஒன்று உண்டு. விலா எலும்புகள் விரிந்து சுருங்கும். ஆமையின் விலா எலும்புகளோ ஓட்டோடு ஒன்றாய் இணைந்துவிட்டவை, அவை அசையமாட்டா. தசைத்திரையும் அதற்கு இல்லை. தோள், தொடை இவற்றை ஒட்டிய தசைகளாலும் வயிற்றுத் தசைகளாலும் உள்ளுறுப்புகளை நகர்த்தியே அது காற்றை இழுத்து வெளியேற்றுகிறது. சுவாசப்பைகள் முதுகோட்டின் அடியில், மற்ற உறுப்புகளுக்கு மேலாக அமைந்திருக்கின்றன. காற்றை விசையுடன் தள்ளும் கருவி இல்லாமையால் உள்ளே சேர்ந்த சளியை வெளியேற்ற வழியில்லை. அன்றியும் ஆமையின் சீழ் மாட்டின் சீழைப்போல் நீராக ஓடாது. பாலாடைக் கட்டியைப்போல் உறைந்து நின்றுவிடும். மற்றப் பிராணிகளுக்கு ஒரு வாரத்தில் தீரும் சளி ஆமைக்கு மாதக்கணக்கில் நீடிப்பதன் காரணம் இதுவே. குறிகள் வெளிப்படும்போது நோய் பெரும்பாலும் பழையதாகியிருக்கும்.

முதற் குறி மூக்கில் தோன்றும். நோயற்ற ஆமையின் மூக்குத் துவாரங்கள் இரண்டும் உலர்ந்து, சுத்தமாய், ஒரே அளவாய்த் திறந்திருக்கும். விடியற்காலையில், தீனியும் தண்ணீரும் வைப்பதற்கு முன், துவாரத்தின் ஓரத்தில் நீர் கசிந்திருந்தாலும், மூச்சுவிடும்போது சிறு குமிழி எழும்பி உடைந்தாலும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் நீராயிருக்கும் ஒழுக்கு, சில நாட்களில் பிசுபிசுத்து வெண்மையாகும். பின்பு காய்ந்து துவாரத்தை அடைக்கும். ஒரு பக்கம் மட்டும் அடைபடுவதும் உண்டு. நீண்ட நாள் ஒழுகியதாயின், துவாரத்திலிருந்து மேலுதட்டை நோக்கி வாய்க்கால் போட்டாற்போல ஒரு தடம் விழுந்து, அவ்விடத்தின் நிறம் வெளுத்திருக்கும். இத்தடத்தைக் காண்பவர், ஆமை நேற்று நோயுற்றதன்று, பல மாதமாய் நோயுற்றிருக்கிறது என்று கொள்ளலாம். விற்பவரிடத்தில் ஆமையை வாங்கச் செல்பவர் முதலில் பார்க்கவேண்டிய இடமும் அதுவே. விற்பவர் மூக்கைத் துடைத்து வைத்திருக்கலாம். தடத்தைத் துடைக்க அவரால் ஆகாது. ஆமை தன் முன்னங்கால்களில் மூக்கைத் தேய்த்துக்கொள்ளுமாதலால், கால்களின் உட்புறத்துச் செதில்களில் காய்ந்த சளி ஒட்டியிருக்கிறதா என்றும் நோக்குதல் வேண்டும்.

அடுத்தது கண். இமைகள் வீங்குதல், கண் நீர் வடிதல், கண் உள்வாங்குதல், பகலிலும் மூடியே இருத்தல் ஆகியவை மூக்கு நோயுடன் கூடவே வரும். பச்சை இலைகளின்றி உமியும் சோறும் தின்று வளரும் ஆமைக்கு வைட்டமின் ஏ சத்துக் குறைவினால் மட்டுமே இமை வீங்குவதும் உண்டு. ஆயினும் அச்சத்துக் குறைந்தபோது மூச்சுவழியின் உட்தோலும் கெடுமாகையால், ஒன்று மற்றதற்கு வழிவிடும்.

மூன்றாவதாக, தீனியில் விருப்பமின்மை. ஆமை தன் உணவைப் பெரிதும் மோப்பத்தால் அறிகிறது. மூக்கு அடைபட்டால் எதிரில் அறுகம்புல் குவிந்திருந்தாலும் அதற்குத் தெரியாது. செயின்ட் ஹெலினா தீவுக்கு 1882-ல் கொண்டுவரப்பட்ட ஜொனாதன் என்னும் பேராமைக்கு முதுமையில் கண்ணும் மோப்பமும் குன்றியபின், அதற்குக் கையால் உணவூட்ட வேண்டியதாயிற்று. ஆதலின் தின்னாத ஆமையைக் கண்டவுடன் வயிற்றுக் கோளாறு என்று முடிவுசெய்து பேதிக்குக் கொடுக்க முற்படாமல், மூக்கை முதலில் பார்ப்பது விவேகம்.

இதுவரை சொன்னவை மேல்மூச்சுவழியின் குறிகள். நோய் கீழே இறங்கிச் சுவாசப்பையைப் பற்றியபின் தோன்றுவன வேறு. அவை அபாயக் குறிகள். ஆமை கழுத்தை முழுவதும் நீட்டி, தலையை மேல்நோக்கி உயர்த்தி, ஒவ்வொரு மூச்சுக்கும் வாயைத் திறக்கும். முன்னங்கால்கள் துருத்தி ஊதுவதுபோல உள்ளும் வெளியும் ஓயாமல் அசையும். மெல்லிய சீழ்க்கை ஒலியோ, நீர் கொப்புளிப்பது போன்ற ஒலியோ கேட்கும். வாயின் உட்புறம் இளஞ்சிவப்பு நீங்கி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். நாக்கின் அடியில் நுரையும் சளியும் காணப்படும். காலைத் தொட்டால் உள்ளிழுக்கும் வலு இராது. இந்நிலையில் ஒரு நாள் தாமதமும் உயிருக்குக் கேடாகும்.

ஏரியிலும் கிணற்றிலும் வாழும் நம் நாட்டு நீர் ஆமைகளிடத்தில் இன்னொரு குறி உண்டு. ஒரு பக்கத்துச் சுவாசப்பை நோயுற்றால் ஆமை நீரில் சமமாய் மிதக்க மாட்டாமல் ஒருபுறம் சாய்ந்து மிதக்கும். மூழ்க முயன்றும் மேலே வந்துவிடும். பாசனக் கிணற்றில் இப்படிச் சாய்ந்து மிதக்கும் ஆமையைக் காண்பவர், அது வெயில் காய்கிறது என்று எண்ணிவிடலாகாது.

இனி, நோய் போலத் தோன்றி நோயாகாதவை சில. ஆமையைத் திடீரென்று அணுகினால் அது தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுக்கும். அப்போது உள்ளிருந்த காற்று புஸ்ஸென்று வெளிப்படும். பலர் இதைக் கேட்டுப் பயந்துவிடுகிறார்கள். அது நோயன்று. அல்டாப்ரா ஆமை ஆழமற்ற குட்டைகளிலிருந்து மூக்கு வழியாகவே நீரை உறிஞ்சிக் குடிக்க வல்லது. ஆகையால் தண்ணீர் குடித்தவுடன் அதன் மூக்கு நனைந்திருப்பதில் வியப்பில்லை. தர்ப்பூசணி, சப்பாத்திக்கள்ளி போன்ற சாறுள்ள தீனியைத் தின்றபின் மூக்கோரத்தில் பசுமையான நீர் தெரிவதும் அத்தன்மையதே. இவை ஒருமணி நேரத்தில் உலர்ந்துபோகும். மறுநாள் விடியற்காலையிலும் ஈரமாயிருந்தால்தான் நோய்.

எல்லாவற்றினும் நம்பத்தக்க சாட்சி தராசு. ஆமையின் முகம் எதையும் காட்டாமல் மறைக்கலாம், எடை மறைக்காது. சிறிய ஆமையை வீட்டுத் தராசிலும், நடுத்தர ஆமையை மூட்டை நிறுக்கும் தராசிலும் மாதம் ஒருமுறை ஒரே நாளில், தீனிக்கு முன் நிறுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். பேராமையைத் தராசின் பலகைமீது தானே நடந்து ஏறும்படி தீனி காட்டிப் பழக்கலாம். வளரும் பருவத்து ஆமையின் எடை இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றாலும், வளர்ந்த ஆமையின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், வேறு குறி ஏதும் தென்படாவிடினும் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

இந்நோய்க்கு மூலகாரணம் பல. மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர், ஹெர்ப்பிஸ் வகை நச்சுயிர், வேறு பாக்டீரியாக்கள், காளான்கள் ஆகிய இவற்றுள் எதுவும் நோயை உண்டாக்கலாம். ஆனால் வளர்ப்பவருடைய அஜாக்கிரதை கதவைத் திறந்துவிட்ட பின்னரே அவை பெரும்பாலும் உள்ளே நுழைகின்றன. ஈரத் தரை, காற்றோட்டமில்லாத மூடிய அறை, சாணமும் மூத்திரமும் தேங்கி எழும் காரநெடி, ஓரிடத்தில் பல ஆமைகளை நெருக்கி அடைத்தல் என்பவை முக்கியமானவை. மணிலாக்கொட்டை விளையும் இந்த வட்டாரத்துக்கென்று தனியே ஒன்று சொல்லவேண்டும். கொட்டை உடைத்த தோல் மலிவாய்க் கிடைக்கிறதென்று ஆமைக்குப் படுக்கையாகப் பரப்பத் தோன்றும். காய்ந்திருக்கும்போது அதிலிருந்து தூசி எழும்பும். மழை ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். பூசணத்தின் வித்துக்கள் சுவாசப்பையில் தங்கி வளர்ந்தால் அதற்குச் சிகிச்சை செய்வது மிகவும் கடினம். காய்ந்த வைக்கோலும் புல்லும், அடிக்கடி மாற்றப்படுமாயின், போதுமானவை.

வெவ்வேறு இடத்து ஆமைகளை ஒன்றாய்ச் சேர்ப்பதால் விளையும் கேட்டுக்கு அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நிகழ்ந்தது தக்க சாட்சி. 1980-களின் இறுதியில் அங்கே காட்டு ஆமைகள் மூக்கொழுகி, கண் வீங்கி, மெலிந்து மடியத் தொடங்கின. 1990-ல் அந்த அரசாங்கம் அவற்றை அழியும் ஆபத்துக்குள்ளான பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது. 1994-ல் மைக்கோபிளாஸ்மா அகாசிசியே நோய்க்குக் காரணம் என்று பரிசோதனைகளால் நிலைநாட்டப்பட்டது. வீடுகளில் வளர்ந்த நோயுற்ற ஆமைகளை உரியவர்கள் இரக்கங்கொண்டு பாலைவனத்தில் விட்டுவிட்டதும் நோய் பரவியதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதினர். நோய் தீர்ந்ததுபோல் தோன்றும் ஆமையும் தன் மூக்கில் அக்கிருமியை வைத்துக்கொண்டே வாழும். குளிர் வந்தபோது மீண்டும் ஒழுகும். பக்கத்து ஆமைக்கும் கொடுக்கும்.

குறி கண்ட நாளில் செய்யத்தக்கது யாது? முதலாவது, நோயுற்றதை மற்றவற்றினின்று உடனே பிரித்து, அதன் தண்ணீர்த் தொட்டியையும் தீனித் தட்டையும் தனியாக்க வேண்டும். இரண்டாவது, சூடு. பகல் முழுதும் 30 டிகிரி அளவிலும், இரவில் 27 டிகிரிக்குக் குறையாமலும் இருக்கும்படி, உலர்ந்த அறையில் வைத்துக் காக்கவேண்டும். கோழிக்குஞ்சுக் கொட்டகையில் தொங்கவிடும் சூட்டு விளக்கு இதற்கு உதவும். ஆமை வேண்டும்போது விலகிச் செல்ல அறையின் ஒரு புறத்தில் சூடு குறைந்த இடமும் வேண்டும். கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்துவது கொலைக்கு ஒப்பாகும். புகையும் நச்சுக்காற்றும் சேர்ந்து, நோய் செய்யாததைச் செய்துவிடும். சாம்பிராணிப் புகையும் அவ்வாறே விலக்கத்தக்கது. மூன்றாவது, நாளொன்றுக்கு ஒருமுறை கால் மணி நேரம் வெதுவெதுப்பான, ஆழமற்ற நீரில், தலை எளிதில் நீருக்கு மேலிருக்கும்படி நிறுத்தி வைத்தால், ஆமை நீர் பருகி உடம்பின் வறட்சி நீங்கும். பிறகு துடைத்து உலர்த்தவேண்டும்.

செய்யத்தகாதவை இவற்றினும் முக்கியம். மாட்டுக்குப் புகட்டுவதுபோல மூங்கிற்குழாயால் கஷாயமோ எண்ணெயோ புகட்டலாகாது. ஆமையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருப்பதால், பழகாத கை ஊற்றும் நீர் நேராகச் சுவாசப்பைக்குள் போய்விடும். ஆமையை மல்லாக்கப் புரட்டி வைத்தும் பரிசோதிக்கலாகாது. சுவாசப்பைகள் முதுகோட்டின் அடியில் இருப்பதால், மல்லாந்தபோது புல் நிறைந்த குடலின் பாரம் முழுவதும் அவற்றின்மேல் விழும். நோயுற்ற பேராமை சிறிது நேரத்தில் மூச்சடைத்து இறக்கக்கூடும்.

மற்றொரு எச்சரிக்கையை வளர்ப்போர் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உண்ணிக்காகவும் புழுக்காகவும் ஊசியாய்ப் போடப்படும் ஐவர்மெக்டின் என்னும் மருந்து பல வீடுகளில் மிச்சம் இருக்கும். அது ஆமைக்கு விஷம். சிறிதளவு சென்றாலும் கைகால் விழுந்து, மூச்சுத்தசைகள் ஓய்ந்து ஆமை இறந்துபோகும். ஆட்டுக்கு நல்லது ஆமைக்கும் நல்லதாயிருக்கும் என்ற எண்ணத்தால் நேரும் சாவு இது.

வைத்தியரிடம் கொண்டுசெல்லும்போது எடைப் புத்தகத்தையும் உடன் கொண்டுபோக வேண்டும். ஓடு மறைப்பதால் நெஞ்சுக்குழாயால் அதிகம் அறிய இயலாது. எக்ஸ்ரே படம் வேண்டியிருக்கும். அதிலும் பக்கவாட்டிலும் முன்பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களே சுவாசப்பைகளைத் தெளிவாய்க் காட்டும். மருந்தூசியை முன்னங்காலில் போடுவதே முறை; பின்னங்காலிலிருந்து வரும் இரத்தம் முதலில் சிறுநீரகத்தின் வழியே செல்லுமாதலின், மருந்தின் ஒரு பகுதி அங்கேயே வீணாகலாம். ஆமையின் உடம்பு மெதுவாய் வேலை செய்வதால் ஊசிகள் பெரும்பாலும் ஒன்றுவிட்ட நாளிலோ, இன்னும் இடைவெளி விட்டோ, பல வாரம் போடப்படும். நாலு ஊசிக்குப்பின் மூக்கு உலர்ந்துவிட்டதென்று நிறுத்திக்கொள்வோர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவர். அப்போது முதலில் கேட்ட மருந்து கேட்பதில்லை. ஆமையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் மறக்கலாகாது. ஆமைகள் தம் குடலில் சால்மொனெல்லா என்னும் பேதிக் கிருமியைச் சுமந்திருப்பது சகஜம்; அது குழந்தைகளுக்கு ஆபத்து.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் வறண்ட புன்செய் நிலங்களிலும் கரட்டோரங்களிலும் காணப்படும் நட்சத்திர ஆமை அயல்நாட்டு ஆமையன்று. அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உலக நாடுகளின் உடன்படிக்கையிலும் 2019 முதல் அது வியாபாரம் தடுக்கப்பட்ட உச்சப் பட்டியலில் இருக்கிறது. மணிலாக் கொல்லையில் களை எடுக்கும்போது அகப்பட்ட இவ்வாமையை, ஆமை என்றால் நீரில் வாழ்வது என்று எண்ணிக் கிணற்றில் விடுவோர் உண்டு. அது நில ஆமை, நீந்தத் தெரியாது. படியேற வழியில்லாத கிணற்றில் களைத்து மூழ்கும். எடுத்துக் காப்பாற்றினாலும் சுவாசப்பையில் நீர் புகுந்து சில நாளில் மூச்சு நோயால் மடியும். கண்ட இடத்திலேயே புதர் ஓரமாக விட்டுவிடுவது உத்தமம். அடிபட்டோ மூக்கொழுகியோ இருந்தால் வனத்துறையாருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் வளர்த்த பிறவகை ஆமையை அந்தக் கரட்டில் கொண்டுபோய் விடுவது எவ்விதத்திலும் தகாது. மொஹாவியில் நேர்ந்தது இங்கும் நேரலாம்.

அல்டாப்ரா, சல்கேட்டா ஆமைகளை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிடப்பட்ட விதிகளின்படி பரிவேஷ் என்னும் அரசாங்க இணையத் தளத்தில் அவற்றைப் பதிவுசெய்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள். கைமாற்றமும் குஞ்சு பொரித்ததும் இறப்பும் அங்ஙனமே அறிவிக்கப்படவேண்டும். பதிவில்லாத ஆமையை வைத்திருப்பவர், நோய் கண்டபோது வெளியே கொண்டுவர அஞ்சி அறைக்குள்ளேயே மடியவிடும் நிலை ஏற்படுவதால், பதிவு ஆமையின் நன்மைக்கும் உரியதே.

புதிதாய் வாங்கிய ஆமையைப் பழைய ஆமைகளோடு சேர்ப்பதற்கு முன் குறைந்தது மூன்று மாதம், கூடுமானால் ஒரு மழைக்காலம் கழியும் வரை, தனிக் கொட்டகையில் வைத்திருக்கவேண்டும். கொட்டகையின் தரை சுற்றுப்புறத்தைவிட ஒரு சாண் உயர்ந்து, மழைநீர் உள்ளே வராமல் வாட்டமாயிருத்தல் நலம். வாசல் வடகிழக்கை நோக்கியிருக்கலாகாது. இவ்வட்டாரத்தில் மழைச்சாரல் வருவது அத்திசையிலிருந்தே. பழைய ஆமைகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியதற்கு வைக்கவேண்டும். முறை மாறினால் வேலைக்காரன் கையோடும் காலோடும் நோய் சென்றுவிடும்.